அண்மையும் சேய்மையும்: பலாலி - சென்னை வான்வழியின் கதை

யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கேட்டால், கேட்கப்படுபவரின் வயதைப் பொறுத்தே விடை கிடைக்கும். எண்பதைக் கடந்த ஒருவர், "காலையில் பலாலியில் விமானம் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சென்னையில் நிற்கலாம்" என்பார். ஐம்பதைக் கடந்தவர், "கொழும்புக்குப் போய்ச் சேரவே எத்தனை நாள் என்று சொல்ல முடியாது, அதற்குப் பிறகல்லவா சென்னை" என்பார். இருபது வயது இளைஞரோ, "ஒன்றேகால் மணித்தியாலம், விசாவும் காசும் இருந்தால்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார். மூவரும் ஒரே தூரத்தைப் பற்றியே பேசுகின்றனர். மூவர் சொல்வதும் உண்மையே.

நிலமும் கடலும் இடம் மாறவில்லை. பலாலியிலிருந்து சென்னை மீனம்பாக்கம் வரையிலான நேர்கோட்டுத் தூரம் அன்றும் இன்றும் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். ஆயினும் ஒரே வாழ்நாளில் ஒரே மனிதருக்கு இந்நகரம் பக்கத்து ஊராகவும், எட்டாத தேசமாகவும், மீண்டும் பக்கத்து ஊராகவும் மாறியிருக்கிறது. தூரத்தை அளப்பதற்குக் கிலோமீற்றர் போதாது என்பதற்கு இவ்வான்வழியின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

வரைபடம் சொல்வது

முதலில் வரைபடத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாண நகரிலிருந்து கொழும்புக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். ஏ-9 வீதி வழியாகச் சென்றால் 400 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. பலாலியிலிருந்து திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீற்றர் மட்டுமே. அதாவது, காற்றில் பறக்கும் பறவைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பைவிடத் திருச்சி நூறு கிலோமீற்றருக்கு மேல் அண்மையானது. காங்கேசன்துறையிலிருந்து கோடிக்கரை 55 கிலோமீற்றர் அளவில் உள்ளது. வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்திலிருந்து வீதி வழியே 140 கிலோமீற்றருக்கு மேல் செல்லவேண்டும்.

இன்னொரு வியப்பும் உண்டு. வரைபடத்தில் கட்டுநாயக்காவையும் மீனம்பாக்கத்தையும் அடிமட்டம் வைத்து ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். அக்கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலாகவே செல்லும். கொழும்பிலிருந்து சென்னைக்கு வரையும் நேர்கோட்டுக்கு நடுவழியில் இருப்பது யாழ்ப்பாணம். இந்தச் சிறு உண்மையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் அதற்குத் தேவை வரும்.

பாய்மரத்திலிருந்து புகையிரதம் வரை

விமானம் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இக்கடல் கடக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டு அச்சியந்திரம் வாங்குவதற்காகச் சென்னைக்குச் சென்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் என்ற பெருமையை 1857இல் பெற்றவர்கள் யாழ்ப்பாணத்தவர்களான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையுமே. அன்று யாழ்ப்பாணத்துப் படித்த குடும்பங்களுக்குச் சென்னை அயல்நாடாகத் தோன்றவில்லை. பரீட்சைக்கும் அச்சுக்கும் வழக்கறிவுக்கும் செல்லும் பெருநகரம் அதுவே. காற்றை நம்பிய பயணம் நாட்கணக்கில் நீண்டது. ஆனால் புறப்பட எண்ணியவரைத் தடுக்க எவருமில்லை.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, அதே ஆண்டு மார்ச் மாதத்தில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கியது. சென்னை எழும்பூரிலிருந்து கொழும்புக் கோட்டை வரை புகையிரதம், கப்பல், மீண்டும் புகையிரதம் என்று தொடர்ந்து செல்லும் அந்தப் பயணமே 'போட் மெயில்' என்று பெயர்பெற்றது. 1964 டிசம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்தப் பாதையின் முதுகெலும்பு முறிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியபோதிலும், எண்பதுகளில் போர் அதையும் நிறுத்தியது.

டக்கோட்டாவின் காலம்

பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படையினரால் அமைக்கப்பட்டது. போருக்காகப் பிறந்த ஓடுபாதை, போர் முடிந்ததும் பொதுமக்களுக்குப் பயன்பட்டது. பின்னர் அது மறுபடியும் போருக்கே போனது என்பது வேறு கதை.

இலங்கை சுதந்திரம் அடைவதற்கு இரண்டு மாதங்கள் இருக்கையில், 1947 டிசம்பர் 10ஆம் திகதி, எயார் சிலோன் நிறுவனம் தன் முதலாவது சேவையைத் தொடங்கியது. 'சீதா தேவி' என்று பெயரிடப்பட்ட டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என அந்நாளில் அழைக்கப்பட்ட பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் பறந்தது. இலங்கையின் தேசிய விமான சேவை பறந்த முதல் வான்வழியிலேயே யாழ்ப்பாணம் ஒரு தரிப்பிடமாக இருந்தது. இது யாழ்ப்பாணத்தவருக்குக் காட்டப்பட்ட சலுகையன்று. மேலே குறிப்பிட்ட நேர்கோட்டை நினைத்துக்கொண்டால் விளங்கும்: கொழும்பிலிருந்து சென்னைக்குச் செல்லும் விமானம் பலாலியில் இறங்குவதற்கு வழிவிலக வேண்டியதேயில்லை.

டக்கோட்டா மணிக்கு முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவாகப் பறக்கக்கூடியது. பலாலியிலிருந்து சென்னைக்கு அதற்கு ஒன்றரை மணித்தியாலம் அளவில் சென்றிருக்கும். இன்றைய ஏ.ரி.ஆர். 72 வகைக் காற்றாடி விமானம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்கிறது. அப்படியானால் முக்கால் மணிக்குள் போய்விட வேண்டும். ஆனால் கால அட்டவணைகள் ஒன்றேகால் மணித்தியாலம் அளவில் காட்டுகின்றன. காரணம் எளிது. அட்டவணையில் எழுதப்படும் நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. தரிப்பிடத்தை விட்டு விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, மறு விமான நிலையத்தின் தரிப்பிடத்தில் நிற்கும் கணம் வரையிலானது அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், உயர ஏறுதல், இறங்குவதற்கு முறை காத்திருத்தல், வேகம் குறைத்து இறங்குதல் எல்லாம் அதில் அடங்கும். குறுந்தூரப் பயணங்களில் இந்தச் செலவே பெரும் பங்கு. அதனாற்றான் 185 கிலோமீற்றர் தூரத்திலுள்ள திருச்சிக்கும் ஒரு மணித்தியாலம் அளவில் ஒதுக்குகின்றனர். தூரம் பாதியானாலும் நேரம் பாதியாவதில்லை.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. டக்கோட்டாவுக்கும் ஏ.ரி.ஆருக்கும் இடையே எழுபது ஆண்டுகால விமானத் தொழில்நுட்பம் வளர்ந்திருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்துப் பயணிக்கு அதனால் மிச்சமானது கால் மணித்தியாலம் மட்டுமே. இப்பாதையில் நேரத்தைக் கூட்டியதும் குறைத்ததும் இயந்திரம் அல்ல.

கடதாசியின் தூரம்

முதலாவது டக்கோட்டா பறந்த மறு ஆண்டிலேயே இன்னொரு தூரம் முளைத்தது. 1948ஆம் ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தின் பின் கடவுச்சீட்டும் விசாவும் இக்கடலின் குறுக்கே வந்து நின்றன. அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். அவர்களுள் பல்லாயிரக்கணக்கானோர் பின்னாளில் தலைமன்னார் வழியாகத் திரும்பி வரமுடியாத ஒருவழிப் பயணமாக அனுப்பப்பட்டனர். ஒரே கப்பலில் ஒருவர் திருவிழாவுக்குச் சென்றார். இன்னொருவர் தன் பிறந்த மண்ணைக் கடைசியாகப் பார்த்துக்கொண்டு சென்றார். இருவருக்கும் கடலின் அகலம் ஒன்றென்று எப்படிச் சொல்வது?

நேர்கோடு முறிந்த காலம்

1978 செப்டெம்பர் 7ஆம் திகதி, புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அதே நாளில், எயார் சிலோனின் அவ்ரோ விமானம் ஒன்று இரத்மலானையில் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. மறு ஆண்டு எயார் சிலோனின் இடத்துக்கு எயார் லங்கா வந்தது. கட்டுநாயக்காவிலிருந்து தூர தேசங்களுக்குப் பறப்பதே புதிய நிறுவனத்தின் நாட்டம். பலாலியின் முக்கியத்துவம் தேய்ந்தது. போர் மூண்டபின் அது முற்றாகப் படைத்தளமாயிற்று.

1987 ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் மீண்டும் யாழ்ப்பாணத்தின் மேல் தோன்றின. பெங்களூரிலிருந்து புறப்பட்ட ஐந்து ஏ.என். 32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலுடன் வந்து உணவுப் பொதிகளைப் போட்டுவிட்டு, இறங்காமலே திரும்பின. ஒரு காலத்தில் பயணிகளை இறக்கிய வானம் அது. அடுத்த மாத இறுதியில் இந்தியப் படையினர் பலாலியில் வந்திறங்கினர். இந்தியாவுக்கும் பலாலிக்கும் இடையிலான வான்வழி இராணுவத்துக்குத் திறந்தது; சாதாரண குடிமகனுக்கு அல்ல.

1990 ஜூனில் மீண்டும் போர் வெடித்ததும் யாழ்தேவி நின்றது. 1956ஆம் ஆண்டிலிருந்து ஓடிய அந்தப் புகையிரதம் யாழ்ப்பாணத்தை மறுபடி காண 24 ஆண்டுகள் சென்றன. ஆனையிறவு மூடப்பட்டது. கிளாலிக் கடனீரேரியை இரவில் படகிற் கடந்து, வன்னியூடாக வவுனியா வந்து, சோதனைகளில் வரிசையில் நின்று, பாஸ் பெற்று, கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கி, பொலிஸ் பதிவு செய்து, அதன்பின் கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறியவர்கள் ஆயிரமாயிரம் பேர். கிளாலியிலேயே உயிரிழந்து, வவுனியாவைக் காணாமற் போனவர்களும் உண்டு.

கணக்கிட்டுப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு 400 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து கட்டுநாயக்காவுக்கு மேலும் 30. அங்கிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 645. ஆக, 355 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஊருக்குப் போக ஆயிரத்து எழுபத்தைந்து கிலோமீற்றர், அதாவது மூன்று மடங்கு, செல்லவேண்டியிருந்தது. இதில் கசப்பானது எதுவென்றால், நாட்கணக்கில் அலைந்து விமானம் ஏறிய அந்தப் பயணி, நேர்கோட்டில் தான் விட்டுப் புறப்பட்ட வீட்டின் மேலாகவே பறந்து செல்ல வேண்டியவர் என்பதுதான்.

அந்நாட்களில் கொழும்பில் பத்திரிகைப் பணியில் இருந்த எனக்கு, இத்தூரத்தின் அளவுகோலாக அமைந்தவை மரண அறிவித்தல்கள். யாழ்ப்பாணத்து மரண அறிவித்தலில் பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா, இலண்டன், சென்னை என்று ஊர்ப்பெயர்கள் வரும். தூர நாடுகளிலுள்ள பிள்ளைகள் செத்தவீட்டுக்கு வரமுடியாமற் போவதை எவரும் விளங்கிக்கொள்வர். ஒன்றரை மணித்தியாலப் பறப்புத் தூரத்திலிருந்த சென்னைப் பிள்ளையும் அதே வரிசையில், அதே நிலையில் நின்றார். செய்தி போய்ச் சேரும்போது அந்தியேட்டிக்கு நாள் குறித்திருப்பார்கள். இறப்புக்கும் அறிவித்தலுக்கும் இடையிலான நாட்களை எண்ணிப் பார்த்தால் அன்றைய பாதையின் நிலை தெரிந்துவிடும்.

1995 இறுதியில் யாழ் நகரம் படையினர் வசமானபின் கொழும்புக்குச் செல்வதற்குத் திருகோணமலைக்குக் கப்பல், இரத்மலானைக்கு விமானம் என்று இரண்டு வழிகள் கிடைத்தன. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் நிறுவனத்தின் அன்டனோவ் விமானம், சில நிமிடங்களில் மன்னார்க் கடலில் வீழ்ந்தது. பயணிகள் 48 பேரும் பணியாளர் எழுவரும் மாண்டனர். விடுதலைப் புலிகளின் ஏவுகணையே அதை வீழ்த்தியதென்று பரவலாகக் கருதப்படுகிறது. 2012ஆம் ஆண்டு இரணைதீவுக்கு அண்மித்த கடலடியில் அதன் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன. ஒரு மணித்தியாலப் பறப்புக்காக ஏறியவர்களின் எச்சங்கள் கரை சேர 14 ஆண்டுகள் சென்றன.

கடிகாரமும் பிரிந்த கதை

தூரம் மட்டுமன்றி நேரமும் பிளவுபட்டிருந்தது. மின்சாரத்தைச் சேமிப்பதற்காக 1996 மே மாதத்தில் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னெடுத்தது. அதன்பின் 2006 ஏப்ரல் வரை இலங்கை இந்தியாவைவிட அரை மணித்தியாலம் முந்தியிருந்தது. கட்டுநாயக்காவிலிருந்து காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு ஒன்றரை மணித்தியாலம் பறப்பவர், சென்னையில் கடிகாரப்படி எட்டு மணிக்கே இறங்குவார்.

ஆனால் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் பழைய நேரமே நடைமுறையில் இருந்தது. 2002ஆம் ஆண்டு ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது ஓமந்தையைக் கடந்தவர்கள் தங்கள் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்தள்ளினர். முகமாலையைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குள் நுழைகையில் மீண்டும் முன்தள்ளினர். ஒரே வீதியில் இரண்டு நேரங்கள். கிளிநொச்சியின் கடிகாரமும் சென்னையின் கடிகாரமும் ஒன்றாகவே அடித்தன. ஆனால் கிளிநொச்சியிலிருந்து சென்னைக்குச் செல்ல வழியில்லை. 2006 ஓகஸ்டில் அந்த வீதியும் மூடப்பட்டது.

பலாலியைச் சுற்றிய ஊர்கள்

பலாலியின் கதையில் அடிக்கடி விடுபட்டுப்போகும் தூரம் ஒன்றுண்டு. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசல்களை விட்டு வெளியேறினர். விமானத்தளத்தைச் சூழ்ந்த ஊர்கள் உயர்பாதுகாப்பு வலயமாயின. மயிலிட்டி மீனவர்களும் பலாலித் தோட்டக்காரர்களும் மல்லாகம், சுன்னாகம் பகுதி முகாம்களில் தங்கினர். முகாமிலிருந்து சொந்த ஊர் சைக்கிளிற் போய்வரக்கூடிய தொலைவு. மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில். அந்தச் சில கிலோமீற்றர்களைக் கடக்க அம்மீனவருக்கு 27 ஆண்டுகள் தேவைப்பட்டன. அதே காலத்தில் அவரது உறவினர் கனடாவுக்குப் போய், குடியுரிமை பெற்று, பலமுறை பூமியைச் சுற்றி வந்திருக்கக்கூடும். காணி விடுவிப்பு இன்னும் முழுமை பெறவில்லை. விமான நிலையத்தின் வளர்ச்சியைப் பேசும்போது, ஓடுபாதைக்கு அப்பால் நின்று தம் காணியைப் பார்ப்பவர்களையும் பேசவேண்டும். ஒருவருக்கு அண்மையைக் கொடுப்பதற்காக இன்னொருவரைச் சேய்மைக்குத் தள்ளுவது நியாயமாகாது.

மீண்டும் திறந்த வானம்

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் நிறுவனத்தின் ஏ.ரி.ஆர். விமானம் வந்திறங்கியது. நவம்பர் 11இல் வழமையான சேவை தொடங்கியது. நாற்பது ஆண்டுகளுக்கு அண்மித்த இடைவெளியின்பின் 355 கிலோமீற்றர் மறுபடியும் 355 கிலோமீற்றராயிற்று. நான்கு மாதங்களே! 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்று அதை நிறுத்தியது. உலகெங்கும் விமானங்கள் பழையபடி பறக்கத் தொடங்கியபின்னரும் பலாலி காத்திருந்தது. 2022 டிசம்பர் 12ஆம் திகதிதான் சென்னைச் சேவை மீண்டது. 2024 செப்டெம்பர் முதலாம் திகதி இன்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து சேவையைத் தொடங்கியது. 2025 மார்ச் 30இல் அதே நிறுவனம் திருச்சிக்கும் பறக்கத் தொடங்கியது. கடல் வழியே, நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் கப்பல் வந்தது. சில நாட்களில் பருவக்காற்று அதை நிறுத்தியது. 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது.

இவை சிறிய விமானங்கள், சிறிய கப்பல்கள், சில நூறு பயணிகள். ஆனால் சென்னை மருத்துவமனையொன்றில் சத்திரசிகிச்சைக்கு நாள் பெற்றிருக்கும் நோயாளிக்கு, இரவு முழுவதும் பஸ்ஸில் இருந்து கொழும்புக்குப் போவதற்கும், வீட்டிலிருந்து அரை மணியில் பலாலிக்குப் போவதற்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. இலண்டனிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் பதினொரு மணித்தியாலம் பறந்து வரும் புலம்பெயர் உறவு, அதன்பின் யாழ்ப்பாணம் சேர வீதியில் ஏழெட்டு மணித்தியாலம் செலவிடுவதை எண்ணினால், குறுகிய வான்வழியின் பெறுமதி புரியும்.

வரலாறு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. இவ்வழி ஒருபோதும் ஒரேயடியாக மூடப்பட்டதில்லை; ஒவ்வொரு முறையும் சற்றே நிறுத்தப்பட்டது, பின்னர் எவரும் கேளாமல் விடப்பட்டது. புயலுக்குப்பின் தனுஷ்கோடித் துறை மீளக் கட்டப்படவில்லை. எயார் சிலோனுக்குப்பின் பலாலி கவனிக்கப்படவில்லை. கொரோனாவுக்குப்பின் இரண்டே முக்கால் ஆண்டு கழிந்தது. போர் செய்ததை எல்லோரும் அறிவோம். போரில்லாத காலத்தில் அசட்டை செய்ததையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

ஆகவே பலாலியில் விமானம் இறங்குவதை விழாவாகக் கொண்டாடுவதைவிட, அடுத்த கிழமையும் அது இறங்குகிறதா என்று கேட்பதே பயனுள்ளது. அரசாங்கத்தையும் விமான நிறுவனங்களையும் நாடாளுமன்றப் பிரதிநிதிகளையும் அவ்வாறு கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவர்கள் யாழ்ப்பாணத்து மக்களும், அவ்வழியைப் பயன்படுத்தக்கூடிய உலகத் தமிழருமே. கட்டணமும் விசா நடைமுறையும் சாதாரண குடும்பத்துக்குத் தாங்கக்கூடியனவாக இல்லாவிடில், ஒன்றேகால் மணித்தியாலம் என்பது அட்டவணையில் அச்சிட்ட எண்ணாகவே நின்றுவிடும். மூடிய வழியொன்றைத் திறப்பதற்கு எத்தனை காலம் எடுக்கும் என்பதை நம் தலைமுறை பார்த்துவிட்டது. அடுத்த தலைமுறையும் அதைப் பார்க்கவேண்டியதில்லை.